ஏழு மணிச் சங்கு

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். சுமார் 3,000 பேர் வசிக்கும் கரும்பு விவசாய ஊர். கொரோனா ஊரடங்குக் காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகளிடம் கொடுத்த செல்போன், பள்ளிக்கூடம் திறந்த பிறகும் கையை விட்டு இறங்கவில்லை. அதனால் 2022 சுதந்திர தினத்தையொட்டி ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். மாலை 7 மணிக்குக் கோயிலில் சைரன் சங்கு ஊதும். எல்லா வீடுகளிலும் டி.வி., செல்போன் இரண்டும் அணைய வேண்டும். 8.30-க்கு மறுபடி சங்கு ஊதும் வரை படிப்பு, பேச்சு. ஆரம்பத்தில் பஞ்சாயத்து ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய் நினைவூட்ட வேண்டியிருந்ததாம்.

இதில் நமக்குப் பிடித்தது, பிள்ளையின் போனோடு பெரியவர்களின் சீரியலும் சேர்ந்தே அணைகிறது என்பதுதான்.

நம் வீட்டுக் கதை வேறு. ஹாலில் சீரியல் ஓடுகிறது. அப்பா சோபாவில் சாய்ந்து ரீல்ஸ் தள்ளுகிறார். ‘போனை வெச்சுட்டுப் போய்ப் படி’ என்ற அதட்டல் மட்டும் பிள்ளைக்கு. இரண்டு வயது வரை, உறவினர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதைத் தவிர, திரையே கூடாது. ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம். நாமோ பருப்புசாதம் ஊட்டும்போதே யூடியூபைப் பழக்கிவிட்டு, பத்து வயதில் ‘அடிமையாயிட்டான்’ என்று புலம்புகிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. தென்கொரியா 2011-ல் கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு நள்ளிரவுப் பூட்டு போட்டது. பிள்ளைகள் செல்போன் விளையாட்டுக்கு மாறினார்கள். 2022-ல் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனாவில், விளையாட்டு நேரக் கட்டுப்பாட்டைத் தாண்டப் பெரியவர்களின் கணக்கில் நுழையும் சிறுவர்களைப் பிடிக்க, முகத்தைச் சரிபார்க்கும் கேமரா வரை போயிருக்கிறார்கள். 16 வயதுக்குள் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்ற ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பார்க்கலாம்.

‘ஃபேமிலி லிங்க்’ போன்ற செயலிகள் நேரக் கட்டுப்பாடு போட்டுத் தருகின்றன, உண்மை. ஆனால் பிள்ளைக்கென்று தனி போனும் தனிக் கணக்கும் இருந்தால்தான் அவை உதவும். நம்மில் பலரது வீடுகளில் பிள்ளை பார்ப்பது அம்மாவின் போனை. அதன் பேட்டர்ன் லாக், அம்மா மறந்தாலும் அவனுக்கு மறக்காது. இந்த வீடுகளுக்கு எளிய வழி, ராத்திரி எல்லார் போனும் ஹாலிலேயே சார்ஜில் கிடப்பது. ‘எல்லார்’ என்பதில் அப்பாவும் அடக்கம்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப்பாடத்தை ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பினால், பிள்ளையின் கையில் போனைக் கொடுக்காமல் என்ன செய்வது? டைரி என்று ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டுதானே கொடுக்கிறீர்கள்? தயவுசெய்து வீட்டுப்பாடத்தை அதில் எழுதி அனுப்புங்கள்.