ஏட்டுச் சுரைக்காயும் இணைப்பு மாட்யூலும்

கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் புதிய வசதி சேர்த்தவருக்குப் பாராட்டு கிடைக்கும். பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்தவருக்கு நன்றி கிடைக்கும். "இதைக் கம்பைல் செய்வது எப்படி?" என்ற பக்கத்தைத் திருத்தியவருக்கு என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஒன்றுமில்லை. மாற்றங்களின் பட்டியலில் "ஆவணம் புதுப்பிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். அந்த வரியை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை.

இந்த அலட்சியம் தவறானது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. அதை எடுத்து ஓடும் நிரலாக மாற்ற ஒரு வெளியாளால் முடிய வேண்டும். முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பது அந்தச் செய்முறைக் குறிப்புதான். நிரலை மாற்றிவிட்டுக் குறிப்பை மாற்றாமல் விடுவது பாதி வேலை செய்து முழு வேலை செய்ததாகச் சொல்வதற்குச் சமம்.

இதைப் புரிந்துகொள்ள மாட்_ஜேகே என்ற மாட்யூலைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

நடுவில் நிற்கும் ஆள்

ஜாவாவில் எழுதிய இணையப் பயன்பாடுகளை ஓட்டுவது டாம்கேட். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்குவதும், படங்களையும் சாதாரணப் பக்கங்களையும் கொடுப்பதும் அப்பாச்சி வெப் சர்வரின் வேலை. ஒன்று ஜாவா, மற்றது சி. அப்பாச்சிக்கு வந்த கோரிக்கையை டாம்கேட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்து, பதிலை வாங்கி வர நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இந்த இணைப்பு மாட்யூல். இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஏஜேபி என்று பெயர்.

டாம்கேட்டின் நிரல் 1999-இல் சன் நிறுவனத்திடமிருந்து அப்பாச்சி அறக்கட்டளைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த மாட்_ஜேசர்வ் என்ற மாட்யூலின் இடத்தை மாட்_ஜேகே பிடித்தது. பிறகு மாட்_ஜேகே2 என்று ஒன்று வந்தது. 2004-இல் அதைக் கைவிட்டுவிட்டு மறுபடியும் பழைய மாட்_ஜேகேயையே வளர்த்தார்கள். 2005-இல் வந்த அப்பாச்சி 2.2-இல் மாட்_ப்ராக்ஸி_ஏஜேபி என்ற மாட்யூல் சர்வருடனேயே சேர்ந்து வந்தது. இத்தனை திருப்பங்களையும் தாண்டி மாட்_ஜேகே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மாட்யூலின் கஷ்டம் எளிமையானது. அது தனக்காக மட்டும் மாறினால் போதாது. இந்தப் பக்கம் அப்பாச்சி மாறினாலும் அதன் குறிப்பு பழசாகிவிடும். அந்தப் பக்கம் டாம்கேட் மாறினாலும் பழசாகிவிடும். கீழே லினக்ஸ் விநியோகம் ஒரு பேக்கேஜின் பெயரை மாற்றினாலும் பழசாகிவிடும். மாட்யூலின் நிரலில் ஓர் எழுத்துகூட மாறாமல் அதன் செய்முறைக் குறிப்பு பொய்யாகிவிட முடியும்!

மூன்று கட்டளை, நாலு பள்ளம்

மேலோட்டமாகப் பார்த்தால் விஷயம் மூன்று கட்டளைகளில் முடிந்துவிடும். கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். கான்ஃபிகருக்கு ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்பாச்சியை எந்த அமைப்புகளோடு கம்பைல் செய்தார்கள், அதன் ஹெடர் கோப்புகள் எங்கே, மாட்யூல்களை எந்த ஃபோல்டரில் வைக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கருவி சொல்லிவிடும்.

முதல் பள்ளம் அங்கேயே இருக்கிறது. அப்பாச்சியை நிறுவினால் ஏபிஎக்ஸ்எஸ் கூடவே வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். ரெட் ஹாட் குடும்பத்தில் அது ஹெச்டிடிபிடி-டெவெல் என்ற தனிப் பேக்கேஜில் இருக்கிறது. டெபியனில் முன்பு ப்ரீஃபோர்க், த்ரெட்டெட் என்று இரண்டு தனித்தனி டெவ் பேக்கேஜ்கள் இருந்தன. அப்பாச்சி 2.4 வந்த பிறகு அவை அப்பாச்சி2-டெவ் என்று ஒன்றாகிவிட்டன. பழைய பெயரைச் சொல்லும் குறிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்பவருக்கு "அப்படி ஒரு பேக்கேஜ் இல்லை" என்ற பதில்தான் வரும். பாவம், அவர் செய்த தவறு எதுவுமில்லை.

இரண்டாவது பள்ளம் கான்ஃபிகர் கோப்பு. வெளியீட்டுத் தொகுப்பை இறக்கினால் அது உள்ளேயே இருக்கும். மூல நிரல் களஞ்சியத்திலிருந்து நேராக எடுத்தால் இருக்காது. முதலில் பில்ட்கான்ஃப் என்ற ஸ்கிரிப்டை ஓட்டி அதை உருவாக்க வேண்டும். அதற்கு ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் மூன்றும் தேவை. இந்த இரண்டு வழிகளையும் பிரித்துச் சொல்லாத குறிப்பு, படிப்பவர்களில் பாதிப் பேரை முதல் கட்டளையிலேயே நிறுத்திவிடும்.

மூன்றாவது பள்ளம் கொஞ்சம் சுவாரஸ்யமானது. கம்பைல் ஆகிவிட்டது, மாட்யூல் கோப்பும் கையில் இருக்கிறது. ஆனால் அப்பாச்சி கிளம்ப மறுக்கிறது. "எதிர்பார்த்த கையெழுத்து 41503234, கண்டது 41503232" என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வருகிறது. முதல் முறை பார்ப்பவருக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும். உண்மையில் அந்த எண்களை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்து ஆஸ்கி எழுத்தாகப் படிக்க வேண்டும். 41 என்பது "ஏ", 50 என்பது "பி", 32 என்பது "2", 34 என்பது "4". அதாவது சர்வர் எதிர்பார்த்தது "ஏபி24", கிடைத்தது "ஏபி22". அப்பாச்சி 2.2-க்காகக் கம்பைல் செய்த மாட்யூலை 2.4-இல் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்! இதை இரண்டு வரியில் விளக்கினால் ஒருவருக்கு ஒரு முழு மாலை மிச்சமாகும்.

நான்காவது, அமைப்புக் கோப்பு. 2012-இல் அப்பாச்சி 2.4 வந்தபோது யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் முறையே மாறியது. பழைய "ஆர்டர், அலோ, டினை" வரிகளின் இடத்தில் "ரெக்வயர்" வந்தது. பழைய வரிகளை அப்படியே ஒட்டினால், அதற்கான பொருத்த மாட்யூல் ஏற்றப்படாத சர்வரில் பிழை வரும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே நிலைமை அதைவிட மோசம். ஏட்டுச் சுரைக்காயை நம்பி அடுப்பு மூட்டியவர், தனக்குத்தான் சமைக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்.

பூட்டைக் கழற்றும் குறிப்பு

இதெல்லாம் நேர விரயம்தானே, பெரிய ஆபத்து என்ன என்று கேட்கலாம். 2020 பிப்ரவரியில் வெளியான கோஸ்ட்கேட் என்ற பாதுகாப்பு ஓட்டை அதற்குப் பதில்.

அதுவரை டாம்கேட்டின் இயல்பு அமைப்பில் ஏஜேபி இணைப்பு 8009 என்ற போர்ட்டில் திறந்தே இருந்தது. அதுவும் எல்லா முகவரிகளிலும். அந்தப் போர்ட்டை வெளியிலிருந்து தொட முடிந்த எவரும், பயன்பாட்டின் உள்ளே இருக்கும் அமைப்புக் கோப்புகளைப் படித்துவிட முடிந்தது. கோப்புகளை ஏற்றும் வசதி உள்ள பயன்பாடுகளில் சில சமயம் தங்கள் நிரலையே ஓட்டவும் முடிந்தது. டாம்கேட் 9.0.31, 8.5.51, 7.0.100 ஆகிய பதிப்புகளில் இதைச் சரிசெய்தார்கள். இயல்பு அமைப்பில் ஏஜேபி முடக்கப்பட்டது. முடக்கத்தை நீக்கினாலும் அது உள் முகவரியில் மட்டுமே கேட்கும். இரு பக்கமும் ஒரு ரகசியச் சொல்லைப் பகிர்ந்தால்தான் பேச்சே தொடங்கும்.

இப்போது பழைய செய்முறைக் குறிப்பைக் கையில் வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். குறிப்பு சொன்னபடி மாட்யூலைக் கம்பைல் செய்கிறார். இணைப்பு கிடைக்கவில்லை. டாம்கேட்டில் முடக்கத்தை நீக்குகிறார். ரகசியச் சொல் இல்லை என்று அந்த இணைப்பு கிளம்ப மறுக்கிறது. குறிப்பில் ரகசியச் சொல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. இணையத்தில் தேடுகிறார். "ரகசியம் தேவையில்லை என்று மாற்றிவிடுங்கள், வேலை செய்யும்" என்று யாரோ ஒருவர் சொல்லியிருக்கிறார். மாற்றுகிறார், வேலை செய்கிறது! பூட்டுப் போட்டவர்களின் உழைப்பு ஒரே வரியில் வீணாகிவிட்டது. மாட்_ஜேகேயின் வொர்க்கர் கோப்பில் ரகசியச் சொல்லை எழுத ஒரு வரி போதும். அந்த வரி சரியான இடத்தில் சொல்லப்படாததுதான் பிரச்சினை.

2023-லும் இதே பாடம் இன்னொரு வடிவில் வந்தது. மாட்_ஜேகே 1.2.49-இல் ஒரு பாதுகாப்புக் காரணத்துக்காக மறைமுகமாக நடந்த முகவரிப் பொருத்தத்தை நீக்கிவிட்டார்கள். எந்த முகவரி எந்த வொர்க்கருக்குப் போக வேண்டும் என்பதை இனி வெளிப்படையாக எழுதியே ஆக வேண்டும். பழைய குறிப்பின்படி அமைத்த சர்வரில் மாட்யூலை மட்டும் புதுப்பித்தால் சில முகவரிகள் போகும் இடம் தெரியாமல் நின்றுவிடக்கூடும். அப்போது நிர்வாகி என்ன செய்வார்? பழைய மாட்யூலுக்கே திரும்புவார். ஓட்டையும் திரும்பி வரும்.

"இதெல்லாம் யாருக்கு வேண்டும்?"

மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு.

விநியோகங்களே மாட்யூலைக் கம்பைல் செய்து கொடுக்கும்போது குறிப்பு எதற்கு என்பது ஒரு வாதம். டெபியனில் அது உண்மை. ஆனால் சென்ட்ஓஎஸ் 7-இன் அடிப்படைக் களஞ்சியத்தில் மாட்_ஜேகே இல்லை. அங்கே சொந்தமாகக் கம்பைல் செய்தவர்கள் ஏராளம். மேலும், பேக்கேஜ் செய்பவரும் ஒரு மனிதர்தான். அவரும் எங்கேயோ இந்தக் குறிப்பிலிருந்துதான் தொடங்குகிறார்.

திறமைசாலி தானே கண்டுபிடித்துக்கொள்வான் என்பது இரண்டாவது வாதம். கண்டுபிடிப்பான், சரி. ஆனால் ஒரே பள்ளத்தில் நூறு பேர் தனித்தனியாக விழுந்து எழுவதற்குப் பதில் ஒருவர் அதை மூடினால் போதாதா?

தேடுபொறியும் செயற்கை நுண்ணறிவும் இருக்க, ஆவணம் யார் படிக்கிறார்கள் என்பது இன்றைய வாதம். அவையும் ஏற்கெனவே எழுதப்பட்டதைத்தான் படிக்கின்றன. மூலப் பக்கம் பழசானால் பதிலும் பழசாகத்தான் வரும், என்ன, கொஞ்சம் தன்னம்பிக்கையோடு வரும்!

எப்படிப் புதுப்பிப்பது?

முதல் விதி, நிரலை மாற்றுபவரே அதே மாற்றத்தில் குறிப்பையும் மாற்ற வேண்டும். "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்பது எழுதப்படாது என்பதன் மரியாதையான வடிவம்.

இரண்டாவது, குறிப்பை எழுதியவரின் கணினியில் சோதிக்கக் கூடாது. அதில் பத்து வருடமாகச் சேர்ந்த எல்லாக் கருவிகளும் இருக்கும், எதுவும் தவறாது. ஒன்றுமே இல்லாத புதிய கணினியில் குறிப்பில் உள்ளதை மட்டும் செய்து பார்க்க வேண்டும். டாக்கர் போன்றவை வந்த பிறகு இது சில நிமிட வேலை. அதைத் தானாக ஓடும் சோதனையாகவே வைத்துவிடலாம்.

மூன்றாவது, எந்த அப்பாச்சி, எந்த டாம்கேட், எந்த இயங்குதளம், எந்தத் தேதி என்று பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். தேதி இல்லாத செய்முறைக் குறிப்பு, தேதி இல்லாத மருந்துப் பாட்டில்.

நான்காவது, நீக்கத் தைரியம் வேண்டும். சேர்ப்பது எளிது, நீக்குவதுதான் கடினம். 1.3 வரிசையின் கடைசிப் பதிப்பு 2010-இல் வந்தது. அதற்கான விசேஷ விருப்பங்கள் இன்றைய வாசகரின் வழியில் நிற்கக் கூடாது. பழைய பதிப்பு வைத்திருப்பவருக்குப் பழைய தொகுப்போடு வந்த ஆவணம் இருக்கிறது.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது நேர்மை. "அப்பாச்சி 2.2-லிருந்து மாட்_ப்ராக்ஸி_ஏஜேபி சர்வருடனேயே வருகிறது, உங்கள் தேவை எளிமையானது என்றால் இந்த மாட்யூலைக் கம்பைல் செய்யவே வேண்டாம்" என்று முதல் பத்தியிலேயே சொல்லும் குறிப்புதான் உண்மையில் வாசகரின் பக்கம் நிற்கும் குறிப்பு.

1991-இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, மூல நிரல் என்பதற்குள் கம்பைல் செய்யவும் நிறுவவும் உதவும் ஸ்கிரிப்டுகளையும் சேர்த்தே விளக்கியது. மாட்_ஜேகே அந்த உரிமத்தில் வரவில்லை. அப்பாச்சி உரிமம் அப்படிக் கட்டாயப்படுத்தவும் இல்லை. ஆனால் அதன் பின்னால் உள்ள நியாயம் எல்லா உரிமத்துக்கும் பொருந்தும். கட்ட முடியாத மூல நிரல், படிக்க மட்டுமே உதவும்.

கட்டற்ற மென்பொருளுக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஆனால் சி மொழியில் அவ்வளவு தேர்ச்சி இல்லை என்று தயங்கும் மாணவர்கள் நிறைய. அவர்களிடம் இருக்கும் ஒரு தகுதி அந்தத் திட்டத்தின் மூத்த நிரலாளர்களிடம் இல்லை. குறிப்பை முதல் முறையாகப் படிக்கும் கண் அது. எங்கே தடுக்குகிறது என்று அந்தக் கண்ணுக்குத்தான் தெரியும். தடுக்கிய இடத்தை ஒரு திருத்தமாக எழுதி அனுப்பினால், அடுத்து வருபவர் அந்த இடத்தில் நிற்காமல் போவார். திட்டங்களும் அந்தத் திருத்தத்தை நிரல் திருத்தத்துக்குச் சமமாக மதித்து ஏற்க வேண்டும். பங்களித்தவர்கள் பட்டியலில் அந்தப் பெயரும் மற்றவர்களின் பெயரோடு வர வேண்டும்.