முகப்புத் திரைக்கும் சட்டம் வேண்டும்

ஜப்பானின் திறன்பேசி மென்பொருள் போட்டிச் சட்டம் 2025 டிசம்பர் 18 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஐபோனில் ஆப்பிளின் வெப்கிட் அல்லாத உலாவி எஞ்சின்களைத் தடுக்கக் கூடாது என்கிறது அது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச்சிலேயே இதைக் கட்டாயமாக்கிவிட்டது. வலைச் செயலிகளை ஆண்ட்ராய்டுக்கும் ஐஓஎஸ்ஸுக்கும் கொண்டுபோவதே நம் வாசகர்கள் பலரின் பிழைப்பு என்பதால், சட்டத்தை வரவேற்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஐரோப்பாவில் விடுதலை கிடைத்தது உலாவிக்கு மட்டுமே. முகப்புத் திரையில் சேர்க்கப்படும் வலைச் செயலிக்கு அது கிடைக்கவில்லை.

ஐஓஎஸ் 17.4-இல் அந்த வசதியையே ஐரோப்பாவுக்கு நீக்கப்போவதாக ஆப்பிள் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. நிரலாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு மார்ச் 1 அன்று பின்வாங்கியது. ஆனால் அந்தச் செயலிகள் வெப்கிட்டில்தான் இயங்கும் என்ற நிபந்தனையை விடவில்லை. வலைச் செயலிக்குப் புஷ் அறிவிப்பு வந்ததே 2023 மார்ச்சில், ஐஓஎஸ் 16.4-இல்தான். நிறுவச் சொல்லிக் கேட்கும் வசதி சஃபாரியில் இன்றும் இல்லை. பயனர் பகிர்வுப் பட்டியலுக்குள் போய்த் தானே தேட வேண்டும். எனவே வாடிக்கையாளர் ஸ்டோரில் இடம் கேட்கிறார், நாம் வலைச் செயலியைக் கப்பாசிட்டர் என்னும் கருவியில் உறையிடுகிறோம். உடனே ஆப் ஸ்டோரின் 4.2 விதி குறுக்கே வருகிறது: இணையதளத்தைப் பொட்டலம் கட்டியது மட்டும் போதாதாம். அந்த விதியைத் தாண்டுவதற்காகவே முக அடையாளம், அதிர்வு என்று யாரும் கேட்காததைச் சேர்க்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு உள்ளே ஓடுவது அதே வெப்கிட்தான். ஆண்ட்ராய்டிலோ ட்ரஸ்டட் வெப் ஆக்டிவிட்டி 2019 முதல் இருக்கிறது. தளத்தை மீண்டும் எழுதாமலே பிளே ஸ்டோரில் வைக்கலாம்.

வேறு எஞ்சின் வந்தால் ஒரு செயலியின் தரவை இன்னொன்று படித்துவிடும் என்பது ஆப்பிளின் வாதம். தனிமைப்படுத்துவது கடினமான வேலை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே நிறுவனத்தின் மேக் கணினியில் குரோம் வழியே நிறுவிய வலைச் செயலிகள் குரோமின் பிளிங்க் எஞ்சினில் பல ஆண்டுகளாக ஓடுகின்றன. வலைச் செயலியை விட்டு ஃப்ளட்டரில், அதாவது டார்ட் மொழியில், எழுதினால் அனுபவம் மேம்படும் என்பாரும் உண்டு. புளூடூத்தும் நுணுக்கமான அசைவூட்டமும் உள்ள செயலிக்கு அது சரி. வருகைப் பதிவுக்கும் பில் போடுவதற்கும் டார்ட்டில் இன்னொரு குறிமுறையை வளர்ப்பது, ஒரே பிழையை இரண்டு இடத்தில் திருத்தும் செலவு.

நம் அதிகாரிகள் எங்கே இருக்கிறார்கள்? இந்தியப் போட்டி ஆணையம் ஆப்பிள் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது 2021 டிசம்பரில். அதுவும் ஸ்டோரின் கட்டண முறையைச் சுற்றியே நிற்கிறது. 2024 மார்ச்சில் வெளியான டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு இன்னும் சட்டமாகவில்லை. கமிஷன் விகிதம் மட்டும்தான் போட்டிப் பிரச்சினையா? ஸ்டோரே தேவைப்படாத ஒரு வழியை முடக்கி வைத்திருப்பது அதைவிடப் பெரிய தடை. டோக்கியோவுக்குப் புரிவது புது தில்லிக்குப் புரியாமல் போக நியாயமில்லை. 4.2-இன் கீழ் உங்கள் செயலி மறுக்கப்பட்டிருந்தால், அந்தக் கடிதத்தையும் அதற்காகச் செலவிட்ட மணிக்கணக்கையும் இணைத்து ஆணையத்துக்கு எழுதுங்கள்.