வைப்பர் எந்தப் பக்கம் படுக்கும்?

மழை பெய்யும்வரை அந்தக் காரில் ஒரு குறையும் தெரியாது. மழை நின்றதும்தான் தொல்லை. வைப்பர் சுவிட்சை அணைத்தால், இரண்டு கைகளும் கண்ணாடியின் அடியில் போய்ப் படுக்காமல் ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்றுவிடும். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட பையனைப் போல.

கார் என்னுடையதல்ல, என் தாய்மாமாவுடையது. 1965ஆம் ஆண்டு எம்ஜிபி, அடர்பச்சை, இரண்டே இருக்கை. ஜாலான் புசார் பக்கம் கார்ப் பட்டறைகளில் நாற்பது ஆண்டு வேலை பார்த்தவர் மாமா. பழைய முதலாளி காலமானதும் அவருடைய பிள்ளைகள் காரை விற்கப் பார்த்தார்கள். மாமா தன் சேமிப்பைப் போட்டு வாங்கிவிட்டார். அத்தை ஆறு மாதம் அவரோடு சரியாகப் பேசவில்லை.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் தயாரானது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். அதில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. அதனால் உதிரிப்பாகம் வேண்டுமென்றால் இன்றும் அங்கேதான் கை நீட்ட வேண்டியிருக்கிறது. சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை இருந்தவரை மாமா ஞாயிறு தவறாமல் அங்கே போய் எதையாவது பொறுக்கிக்கொண்டு வருவார். 2017 ஜூலை 10ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. அதற்குப் பிறகு பழைய வைப்பர் மோட்டார் எரிந்துபோனபோது, அமெரிக்காவில் உள்ள ஒருவரிடமிருந்து பழைய மோட்டார் ஒன்றை வரவழைத்தார். லூக்காஸ் மோட்டார், அதே மாதிரி, அதே அளவு. கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அது இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள காரிலிருந்து கழற்றியது.

அதனால் என்ன என்று நானும் கேட்டேன். உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். வைப்பர்களின் நுனி பெரும்பாலும் இடப்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும். உள்ளே இருந்து பார்த்தால் கடிகாரத்தில் 9 மணி. அங்கிருந்து எழுந்து ஏறக்குறைய 1 மணி வரை போய்த் திரும்பும். இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள காரில் இது அப்படியே கண்ணாடியில் பார்த்தது போல மாறியிருக்கும்.

மோட்டாருக்கு எந்த நாடு என்பது தெரியாது. அது ஒரு பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரத்தோடு சேர்ந்த தண்டு ஒரு கம்பியைக் குழாய்க்குள் முன்னும் பின்னும் தள்ளி இழுக்கிறது. அந்தக் கம்பி வைப்பர் கைகளை ஆட்டுகிறது. சுவிட்சை அணைத்ததும் மின்சாரம் உடனே நிற்பதில்லை. மோட்டாருக்குள்ளேயே இருக்கும் லிமிட் சுவிட்ச் என்ற சின்னப் பொருள், சக்கரம் குறிப்பிட்ட இடத்துக்கு வரும்வரை ஓடவிட்டு, பிறகுதான் அணைக்கும். அந்த இடம் வீச்சின் எந்த முனையில் அமைந்திருக்கிறதோ அங்கேதான் வைப்பர் படுக்கும். எங்கள் காரில் 9 மணியில் படுக்க வேண்டியது 1 மணியில் நின்றது.

மாமா பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். “மோட்டார் மூடியைத் திறக்கணும் தம்பி. அவசரப்பட்டுச் செய்ற வேலை இல்ல. கல்யாணம் முடியட்டும்.”

கல்யாணம் அவருடைய மகளுக்கு. மறுநாள் காலை சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் முகூர்த்தம். தாலி கட்டியதும் மாப்பிள்ளை இந்தக் காரை ஓட்ட, பெண் பக்கத்தில் உட்கார்ந்து வரவேண்டும் என்பது எல்லாருடைய ஆசை. பூ அலங்காரத்துக்கு நடுவே இரண்டு வைப்பரும் நட்டுக்கொண்டு நின்றால் படம் எப்படி இருக்கும்? நான்தான் வழி சொன்னேன். “மோட்டாரை விடுங்க மாமா. கையை மட்டும் கழற்றி, படுத்த மாதிரி மாத்தி மாட்டிடலாம்.”

மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். மகள் கல்யாண வீட்டில் அவருக்கு ஆயிரம் வேலை. சரி என்று விட்டுவிட்டார். நானே கைகளைக் கழற்றி, 3 மணியைப் பார்த்துப் படுக்கிற மாதிரி மாட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் வெயிலும் நல்ல வெயில். படங்கள் பிரமாதம்.

மழையை மறந்துவிட்டேன். நம் ஊரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை. 35 வயது தாண்டிய கார்களுக்கான திட்டத்தில் பதிவான மாமாவின் காரை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். சராசரிக் கணக்குப் பார்த்தாலே அதில் இருபத்தொரு நாள் மழை நாளாக இருக்கும்.

மாலையில் மணமக்களை இறக்கிய இடத்திலிருந்து காரை வீட்டுக்குக் கொண்டுபோக மாமாவும் நானும் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை. தேக்கா முழுக்க விடுமுறைக்கு வந்த ஊழியர்கள். இடி இடித்தது, கொட்டத் தொடங்கியது. மாமா வைப்பரைப் போட்டார்.

நான் செய்த வேலையின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. மோட்டாரின் வீச்சு மாறவில்லையே, கை மட்டும்தானே மாறியது. 9 முதல் 1 மணி வரை துடைக்க வேண்டிய வைப்பர், இப்போது 11 முதல் 3 மணி வரை துடைத்தது. வலப்பக்க நுனி சட்டத்தை உரசும் அளவுக்கு நெருங்கியது. கண்ணாடியின் இடது மூலை முழுக்கத் தண்ணீர்த் திரை. அந்த மூலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஒரு சந்திப்பில் மாமா இடப்பக்கம் திரும்பினார். நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு. அந்தத் தண்ணீர்த் திரைக்குள்ளிருந்து திடீரென்று ஒரு குடை முளைத்தது. மாமா பிரேக்கை மிதித்த வேகத்தில் என் நெற்றி கண்ணாடிக்கு அருகே போய் வந்தது. கார் நின்றபோது அந்த இளைஞருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். ஒரு கையில் குடை, மறுகையில் வாரத்துக்கான மளிகைப் பை. அவர் எங்களைப் பார்த்து, “சாரி சார்” என்று கையைத் தூக்கிவிட்டு வேகமாக நடந்துபோனார்.

பச்சை விளக்கில் நடந்தவர் அவர். மன்னிப்பு கேட்டவரும் அவர். இன்றுவரை அந்த “சாரி” என்னை விட்டுப் போகவில்லை.

மாமா காரை ஓரமாக நிறுத்தினார். மழை விடும்வரை அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சின்ன வயதில் தாம்சன் ரோட்டில் பார்த்த கார்ப் பந்தயத்தைப் பற்றிப் பேசினார். 1961 முதல் 1973 வரை அங்கே பொதுச் சாலையிலேயே கிராண்ட் பிரீ நடந்தது. 1964இல் கொட்டிய மழையில் பந்தயத்தையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். “போட்டிக்குன்னே வந்தவங்க, அவங்களே நிறுத்திட்டாங்க. வீட்டுக்குப் போற நமக்கு என்ன அவசரம்?” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

வைப்பரே அப்படி ஒரு மோசமான வானிலையில் பிறந்ததுதான். அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி, பனி பெய்த ஒரு நாளில் நியூயார்க்கில் டிராம் வண்டியில் போனார். முன்னால் எதுவும் தெரியாமல் ஓட்டுநர் திண்டாடுவதைப் பார்த்து, உள்ளிருந்தே கண்ணாடியைத் துடைக்கும் கருவியை யோசித்தார். 1903 நவம்பர் 10ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கண்ணாடி பளபளக்க வேண்டும் என்பதற்காக அல்ல, வண்டி ஓட்டுகிறவருக்கு வழி தெரிய வேண்டும் என்பதற்காக. நான் அதைப் படத்துக்காக மாட்டியிருந்தேன்.

மறுநாள் காலை மாமா எண்ணெய்க் கறை படிந்த பழைய பட்டறைக் கையேட்டை எடுத்து வந்தார். அந்த மாதிரி மோட்டாரில் வைப்பரை எதிர்ப்பக்கம் படுக்க வைப்பது எப்படி என்று அதிலேயே இருந்தது. கியர்பாக்ஸ் மூடியில் உள்ள நான்கு திருகுகளைத் தளர்த்த வேண்டும். லிமிட் சுவிட்சின் விளிம்பில் ஒரு சின்ன மேடு இருக்கும். அதை அடையாளமாக வைத்துக்கொண்டு சுவிட்சை 180 பாகை திருப்ப வேண்டும். மறுபடி திருகுகளை இறுக்க வேண்டும். வேறொன்றுமில்லை.

“நீ திருப்பு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல” என்று திருப்புளியை என் கையில் கொடுத்தார். அவர் கண்ணுக்கு ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கைகளைப் பழையபடி 9 மணிக்கு மாட்டினோம். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் ரப்பர் கிழியும் என்று மாமா ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினார். சுவிட்சைப் போட்டு அணைத்தேன். இரண்டு கைகளும் வீச்சை முடித்துக்கொண்டு இறங்கி, இடப்பக்கம் பார்த்துச் சாதுவாகப் படுத்தன. மொத்தம் இருபது நிமிட வேலை. நூறு வெள்ளி செலவு வைக்கும் என்று நினைத்தேன், ஒரு காசு ஆகவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். வைப்பர் படுத்திருக்கும் அழகை மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எங்கே துடைக்கவில்லை என்று பாருங்கள். சரியில்லை என்றால் கையைத் திருப்பாதீர்கள், மோட்டாரைத் திறந்து பாருங்கள். புதிய கார் என்றாலும் ரப்பரை ஒருமுறை தடவிப் பாருங்கள். நம் வெயிலில் அது சீக்கிரம் இறுகிவிடும்.

இரண்டு வாரம் கழித்து மாமாவோடு அதே வழியில் வந்தேன். நல்ல மழை. இடது மூலைவரை கண்ணாடி தெளிவாக இருந்தது. அதே சந்திப்பில் நடப்பவர்களுக்குப் பச்சை விளக்கு எரிந்தது, கடக்க ஒருவரும் இல்லை. மாமா காரை நிறுத்தி, பச்சை மனிதன் அணையும்வரை காத்திருந்தார். பின்னால் ஒரு டாக்சி ஹாரன் அடித்தது. நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.