மஞ்சள் தூளுக்கும் உண்டு வரவு செலவுக் கணக்கு!

2003 ஏப்ரல். பாக்தாத் வீழ்ந்த நாட்களில், நகருக்குத் தெற்கே இருக்கும் துவைதா அணு வளாகத்தைக் காக்க ஆள் இல்லை. சுற்றுவட்டார மக்கள் உள்ளே புகுந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது பீப்பாய்கள். போர்க்காலத்தில் தண்ணீர் பிடித்து வைக்க மூடி போட்ட பீப்பாய் கிடைப்பது பெரிய விஷயம். உள்ளே இருந்த மஞ்சள் தூளைத் தரையில் கொட்டினார்கள். பீப்பாயைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

கொட்டியது யுரேனியம்!

ஜூன் மாதம் சர்வதேச அணுசக்தி முகமையின் குழு அங்கே போனது. பெரும்பகுதி பத்திரமாக இருக்கிறது, குறைந்தது 10 கிலோ சிதறியிருக்கலாம் என்று அறிக்கை தந்தது. நூற்றுக்கணக்கான டன் இருந்த இடத்தில் 10 கிலோவை எப்படிச் சொல்ல முடிந்தது? எவ்வளவு இருந்தது என்ற கணக்கு போருக்கு முன்பே முகமையிடம் இருந்தது. 2008-ல் சுமார் 550 டன் யுரேனியம் அங்கிருந்து கனடாவுக்கு விற்கப்பட்டது.

சுரங்கத்தில் வெட்டிய தாதுவை அரைத்து, ரசாயனத்தில் கரைத்துப் பிரித்தால் கிடைப்பது ‘யெல்லோகேக்’. இதை அப்படியே வைத்துக் குண்டு செய்ய முடியாது. இன்னும் பல கட்டங்கள் உண்டு. ஆனால், அணு உலைக்கும் சரி, அணுகுண்டுக்கும் சரி, பயணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு குண்டுக்கான பொருளைப் பெற இயற்கை யுரேனியம் சுமார் 10 டன் வேண்டும் என்பது முகமையின் அளவுகோல்.

அதனால்தான் ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின்கீழ் முகமையோடு உடன்பாடு செய்துகொண்ட நாடு, அணு ஆயுதம் இல்லாத இன்னொரு நாட்டுக்கு யுரேனியம் அனுப்பினால் மூன்று தகவல்களைத் தெரிவிக்க வேண்டும்: எவ்வளவு, என்ன வகை, எங்கே போகிறது. வாங்குகிற நாடும் தன் பங்குக்குச் சொல்ல வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி எழும்.

இந்தக் கேள்வி ஏன் அவசியம் என்பதற்கு 1968-ல் நடந்த ஒரு சம்பவம் போதும். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இத்தாலியின் ஜெனோவாவுக்கு 560 பீப்பாய்களில் 200 டன் யெல்லோகேக்குடன் ஒரு கப்பல் கிளம்பியது. சில வாரங்கள் கழித்துத் துருக்கித் துறைமுகம் ஒன்றில் அந்தக் கப்பல் காலியாக வந்து நின்றது. சரக்கு இஸ்ரேலுக்குப் போனதாகவே பரவலாக நம்பப்படுகிறது. ஐரோப்பிய அதிகாரிகளுக்கு விஷயம் தெரிந்தும், 1977 வரை வெளியே வரவில்லை. ரசாயனத் தொழிலுக்கு என்று சொல்லி வாங்கிய யுரேனியம் அது.

‘அணுசக்திக்கு அல்ல, வேறு தொழிலுக்கு’ என்று சொன்னால் ஏற்றுமதித் தகவல் தர வேண்டியதில்லை என்ற விலக்கு, பின்னால் வந்த விதிகளிலும் இருந்தது. அதை அடைத்தது 1997-ல் வந்த ‘கூடுதல் நெறிமுறை’. இதை ஏற்ற நாடு, வேறு தொழிலுக்கு அனுப்பினாலும் 10 டன்னைத் தாண்டினால் சொல்ல வேண்டும். சிறிது சிறிதாக அனுப்பி ஓராண்டில் ஒரே நாட்டுக்கு 10 டன்னைத் தாண்டினாலும் சொல்ல வேண்டும். சுரங்கங்கள் எங்கே இருக்கின்றன, ஆண்டுக்கு எவ்வளவு எடுக்க முடியும் என்பதும் கணக்கில் வரும். நாம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதுபோல, ஆண்டுதோறும் மே 15-க்குள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். இந்த நெறிமுறையை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நாடு ஆஸ்திரேலியா. அங்கே யுரேனியம் ஏராளம். அணுமின் நிலையம் ஒன்றுகூட இல்லை. எடுப்பதெல்லாம் ஏற்றுமதிக்கே.

இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஆனாலும், கனடாவிலிருந்து வரும் யுரேனியம் முகமையின் கண்காணிப்பில் உள்ள உலைகளுக்கு மட்டுமே போகலாம். கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அங்கே அந்த யுரேனியம் போகாது. கூடங்குளம் கண்காணிப்பில் இருக்கிறது. அதற்கு எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது.

போலிக் கணக்கு என்ன செய்யும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. நைஜர் நாட்டிலிருந்து இராக் யுரேனியம் வாங்க முயன்றதாகச் சில ஆவணங்கள் வந்தன. அவை போலியானவை என்று 2003 மார்ச் 7 அன்று ஐ.நா. பாதுகாப்பு சபையில் முகமையின் தலைவர் முகமது எல்பரதேய் அறிவித்தார். இரண்டு வாரங்களுக்குள் போர் தொடங்கிவிட்டது. உண்மையைக் கண்டுபிடிப்பது முகமையின் வேலை. அதை மதிப்பது வல்லரசுகளின் வேலை.

கணக்கு மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்று காட்டியது லிபியா. 2023 மார்ச்சில் ஆய்வாளர்கள் ஓர் இடத்துக்குப் போனபோது, 10 பீப்பாய்கள், சுமார் 2.5 டன் யுரேனியம் காணவில்லை. அது அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதி. முந்தைய ஆண்டே போக வேண்டிய ஆய்வு, பாதுகாப்பு இல்லாததால் தள்ளிப்போயிருந்தது. நல்லவேளையாக, பெரும்பகுதி பிறகு கிடைத்துவிட்டது.

எத்தனை பீப்பாய் இருந்தது என்பதே எழுதப்படாமல் போயிருந்தால், காணாமல் போனதே யாருக்கும் தெரிந்திருக்காது. மே 15-ம் தேதிக் கணக்கின் அருமை அதுதான்.