முப்பது விநாடி மின்னேற்றம்
2014இல் பெய்ஜிங்கில் தொடங்கிய ஃபார்முலா ஈ மின்கார்ப் பந்தயத்தின் முதல் நான்கு பருவங்களில், ஒரே பேட்டரி இறுதிவரை தாங்காமல் ஓட்டுநர்கள் பாதியில் வேறொரு காருக்கு மாற நேர்ந்தது. மூன்றாம் தலைமுறைக் காரோ, பிரேக் பிடிக்கையில் வெப்பமாக வீணாகும் இயக்க ஆற்றலை மோட்டார் வழியே மின்சாரமாக மீட்கும் ஏற்பாட்டில் 600 கிலோவாட் வரை திரும்பப் பெற்று, பந்தயத்தில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தானே ஈட்டிக்கொள்கிறது. உண்மையான சாதனை இதுவே. 2025 பிப்ரவரியில் ஜெத்தாவில் அறிமுகமான, பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திச் செய்யும் இடைநிறுத்த மின்னேற்றம், அதே 600 கிலோவாட் திறன்கொண்ட கருவியால் 30 விநாடி ஏற்றியும் 3.85 கிலோவாட்-மணி, அதாவது பந்தயத்துக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே தருகிறது என்பதால், அது இப்போதைக்குப் பொறியியல் தேவையைவிடப் பந்தய விறுவிறுப்புக்கே அதிகம் உதவுகிறது. மேலும் விரைந்து ஏற்ற முனைந்தால், பேட்டரியின் உள்தடையில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகிக் குறுக்கே நிற்கிறது.