குப்பை வேளையும் கொல்லிமலையும்

கொல்லிமலை என்றதும் தமிழ் பயில்வோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுபவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவனைப் போற்றும் சிறுபாணாற்றுப்படையில், வறுமையின் கொடுமையைக் காட்டும் காட்சியும் ஒன்று உண்டு. பசியால் மெலிந்த கிணைமகள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். இப்பகுதியை வகுப்பில் பன்முறை நடத்தியிருக்கிறோம். கீரை இங்கே வறுமையின் அடையாளம் என்று கூறி அடுத்த அடிக்குச் சென்றிருக்கிறோம்.

துறையின் கல்விச் சுற்றுலாவாக 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து அம்மலைக்குச் சென்றபோது, இளைப்பாறத் திண்ணை தந்த வீட்டு அம்மையார், "களியும் கீரையுந்தாங்க இருக்குது. உங்களுக்கு அதை எப்படிங்க குடுக்கறது?" என்று கூசிச் சட்டியை மூடினார். நாமும் கையோடு கொண்டு சென்ற பிரியாணிப் பொதிகளைப் பிரித்தோம். கிணைமகள் அப்போது நினைவுக்கு வரவில்லை, மலையிறங்கும்போதுதான் வந்தாள்.

வீட்டில் காடியன்றி வேறு தொடுகறி இல்லை என்றபோது, அதனையே நல்ல தொடுகறி எனப் புகழ்ந்துண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். ஆயினும் நம் வலீமா விருந்துகளில் கீரைக் கடைசலுக்கு இடமில்லை.

வேளை இனத்து நல்வேளை, கென்யா நாட்டிலும் கீரையே. கசப்பு அடங்கப் பாலூற்றிச் சமைப்பர். அங்கும் அது நெடுங்காலம் களையென்றும் ஏழையர் உணவென்றும் ஒதுக்கப்பட்டது, முட்டைக்கோசுக்கே மதிப்பு. பேராசிரியை மேரி அபுகுட்சா-ஒனியாங்கோ முதலிய அறிஞர்கள் 1990கள் தொட்டு ஆராய்ந்து எடுத்துரைத்ததன் பயனாக, இன்று நைரோபியின் பேரங்காடிகளில் அது விலைபோகிறது.

கொல்லிமலையில் நேர்ந்ததோ வேறு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த கொல்லைகள் பல, சேகோ ஆலைகளுக்குச் செல்லும் மரவள்ளிக்கு இடம் விட்டன. மரவள்ளி காசு தருகிறது. அதனைப் பயிரிடுவோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. ஆனால் கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, புரதம் மிகக் குறைவு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் அங்கே சிறுதானியங்களைக் காக்க உழைத்துள்ளது. அக்கூலங்களோடு கீரையும் சேர்ந்தால்தான் உணவு நிறைவுறும்.

100 கிராம் பசும்பாலில் சுண்ணாம்புச்சத்து ஏறத்தாழ 120 மில்லிகிராம். அதே அளவு முருங்கைக்கீரையிலும் தண்டுக்கீரையிலும் 300 மில்லிகிராமுக்கு மேல். சில கீரைகளிலுள்ள ஆக்சாலிக் அமிலம் அதில் ஒரு பங்கை உடலிற் சேரவிடாது என்பதையும் மறைப்பதற்கில்லை. கீரையின் இரும்புச்சத்து உடலில் நன்கு சேர, உண்ணும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்வது நலம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினர்க்கு இரத்தச்சோகை. நம் மாணவியரும் இவ்வயதினரே.

விடுதியில் வாரம் மூன்று நாள் கீரை வேண்டுமென்று கேட்டோம். ஆய்வதற்கு ஆளில்லை என்றார்கள். உண்மைதான், கீரையின் விலையைவிட ஆயும் கூலியே மிகுதி. மாணவர் முறைவைத்து ஆயலாம் என்பது எமது கருத்து.

அடுத்த சுற்றுலாவில் பிரியாணிப் பொதி இல்லை என்று சொல்லிவிட்டோம். சிலர் முகம் சுளித்தனர். அந்த அம்மையாருக்கு முன்னதாகவே சொல்லியனுப்பி, உரிய தொகை கொடுத்து, களியும் கீரையும் ஆக்கித் தரக் கேட்டிருக்கிறோம்.