உழவரைத் தனியே விடலாகாது

ஒஸ்லோவின் பியோர்விக்கா கடலோரத்தில், கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் கூரைமேல் ஒரு வயல் இருக்கிறது. லூசேத்தர் என்பது அதன் பெயர். 2015ஆம் ஆண்டு நோர்வேயின் பல மூலைகளிலிருந்தும் உழவர்கள் தங்கள் நிலத்து மண்ணைச் சுமந்து ஊர்வலமாக வந்து அங்கே கொட்டினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட பண்ணைகளின் மண் அதில் கலந்திருக்கிறது. அந்த மண்ணில் பழைய தானிய வகைகள் விதைக்கப்பட்டன. பக்கத்திலேயே ரொட்டி சுட ஓர் அடுப்புவீடும் எழுந்தது. நாட்டிலேயே நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கும் பகுதிகளில் ஒன்றில், உணவு எங்கிருந்து வருகிறது என்பதை ஊருக்கு நினைவூட்டும் இடம் அது.

நகரை அடுத்த பேரும் என்னும் நகராட்சியில் உள்ள ஓவர்லான் பண்ணை இன்னொரு நல்ல சான்று. நோர்வேயின் முதல் பங்குப் பண்ணை 2006இல் அங்கேதான் தொடங்கியது. உறுப்பினர்கள் பருவத்துக்கு முன்பே பணம் கட்டுகிறார்கள். விளைந்ததைத் தாமே வந்து பறித்துச் செல்கிறார்கள். மழை கெடுத்தால் நட்டத்தையும் பகிர்ந்துகொள்கிறார்கள். வெஸ்ட்ஃபோல்டில் 1966இல் உருவான விதாரோசன் கிராமம் இதைவிட ஒரு படி மேலே சென்றது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களும் மற்றவர்களும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, இரசாயனம் தவிர்த்த வயலிலும் பேக்கரியிலும் தறியிலும் தோளோடு தோள் நின்று உழைக்கும் ஊர் அது. கூடி வாழ்வதும் மண்ணைக் காப்பதும் ஒரே ஒழுக்கத்தின் இரு பக்கங்கள் என்பதை இவர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.

குடிமக்கள் தம் பங்கைச் செய்தார்கள். அரசு செய்ததா என்பதே நம் கேள்வி.

2005இல் பதவியேற்ற கூட்டணி அரசு, 2015க்குள் உணவு உற்பத்தியிலும் நுகர்விலும் 15 விழுக்காடு இயற்கை வேளாண்மை வழியே வரவேண்டும் என்று அறிவித்தது. பின்னர் அந்தக் கெடு 2020 வரை நீட்டிக்கப்பட்டது. அடுத்து வந்த அரசு 2018இல் வெளியிட்ட தேசிய உத்தியில் அந்த இலக்கே இல்லை. சந்தை கேட்டால் உழவர் விளைவிப்பார் என்பது அதன் வாதம். ஒரு காலத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டிய இயற்கை வேளாண் நிலப்பரப்பு, பின்னர் சுமார் 4 விழுக்காட்டுக்குச் சுருங்கியது. இப்போது 2032க்குள் நிலப்பரப்பில் 10 விழுக்காடு என்று புதிய இலக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

சந்தையே தீர்மானிக்கட்டும் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. நோர்வேயின் மளிகை வணிகத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேல் மூன்று நிறுவனக் குழுமங்களின் கையில் இருக்கிறது. எந்தப் பொருள் கண்ணில் படும் தட்டில் இருக்க வேண்டும், எது மூலைக்குப் போக வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். மறுபுறம், இரசாயனத்தைக் கைவிடும் உழவர் இரண்டு ஆண்டு மாறுகாலத்தைத் தாண்ட வேண்டும். அதுவரை விளைச்சல் குறையும், உயர்ந்த விலையும் கிடைக்காது. அந்த இடைவெளியில் அவருக்குத் துணை நிற்காத அரசு, வாங்குவோர் கேட்கவில்லை என்று குறை சொல்லத் தகுதியற்றது.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நோர்வேயின் நிலத்தில் சுமார் 3 விழுக்காடே உழவுக்கு உகந்தது, கோடை குறுகியது. விளைச்சல் குறைந்தால் நாடு தாங்குமா என்று கேட்பது நியாயமே. ஆனால் இன்றைய விளைச்சல் மட்டும் சொந்தக் காலில் நிற்கிறதா? நாட்டு மக்கள் உண்ணும் உணவில் பாதிகூட உள்நாட்டில் விளைவதில்லை. கால்நடைத் தீவனத்துக்கான சோயா கடல் கடந்து வருகிறது. மண்ணின் வளத்தை இழந்து பெறும் விளைச்சல், பிள்ளைகளின் பேரில் வாங்கும் கடன்.

அவசரமும் தீர்வாகாது என்பதை ஈழத் தமிழருக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2021இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தது. மாற்று உரமும் இல்லை, பயிற்சியும் இல்லை, அவகாசமும் இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. சில மாதங்களிலேயே தடை நீங்கியது. இழப்பு உழவர் தலையில் விழுந்தது. கொழும்பு கட்டளையிட்டது, ஒஸ்லோ கைகழுவியது. இரண்டிலும் உழவர் தனியே விடப்பட்டார்.

சரியான வழியை டென்மார்க் காட்டியது. 1987இலேயே இயற்கை வேளாண்மைக்குத் தனிச்சட்டம் இயற்றிய நாடு அது. கோபன்ஹேகன் நகராட்சி, மழலையர் காப்பகம் முதல் முதியோர் இல்லம் வரை தன் சமையலறைகளில் 90 விழுக்காடு இயற்கை உணவு என இலக்கு வைத்து, 2015 அளவில் அதை ஏறக்குறைய எட்டியது. சமையற்காரர்களுக்குப் பயிற்சி தந்தார்கள், இறைச்சியைக் குறைத்தார்கள், வீணாவதைத் தடுத்தார்கள், பருவத்துக் காய்கறிகளை வாங்கினார்கள். ஆண்டுதோறும் தவறாமல் வாங்கும் ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி உழவருக்குக் கிடைத்தது. ஒஸ்லோவுக்கு இது ஏன் இயலாது? செல்வத்தில் ஒஸ்லோ கோபன்ஹேகனுக்குக் குறைந்ததல்ல. 2019இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகர் என்ற விருதைப் பெற்ற நகரம், அந்தப் பெயருக்கு நகராட்சியின் சோற்றுத் தட்டிலும் கணக்குக் காட்ட வேண்டும்.

நோர்வேயில் வாழும் தமிழரான நமக்கும் பொறுப்பு உண்டு. வளவில் முருங்கையும் கிணற்றடியில் வாழையும் பார்த்து வளர்ந்த தலைமுறை நாம். நம் பிள்ளைகளோ காய்கறியைக் கடைத்தட்டில் மட்டுமே காண்கிறார்கள். கோயில் அன்னதானத்துக்கும் தமிழ்ப் பள்ளி விழாக்களுக்கும் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கும் கோவாவும் கரட்டும் வாங்குகிறோம். அவற்றை அருகிலுள்ள இயற்கைப் பண்ணைகளிலிருந்து வாங்க நம் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் தீர்மானிக்கலாம். பங்குப் பண்ணையில் ஒரு பங்கு எடுக்கலாம். டுக்னாட் என்னும் கூட்டுப்பணி நாளில் பிள்ளைகளோடு போய்க் களை பறிக்கலாம். மழலையர் காப்பகத்தின் பெற்றோர் கூட்டத்தில், குழந்தைகளின் உணவு எங்கிருந்து வருகிறது என்று எழுந்து கேட்கலாம்.

ஆனால் குடிமக்களின் நற்செயல் அரசின் கடமைக்கு ஈடாகாது. 15 விழுக்காடு என்ற வாக்கைக் கைவிட்டது பிழை. 2032க்கான 10 விழுக்காடும் அதே வழியில் போகக் கூடாது. ஆண்டு வாரியான கணக்கும், மாறுகாலத்தில் உழவருக்கு உறுதியான ஆதரவும், பொதுச் சமையலறைகளின் கொள்முதல் உத்தரவாதமும் அந்த இலக்கோடு சேர்ந்து வரவேண்டும். பிழை திருத்தத்தை ஒஸ்லோ நகராட்சி தன் முதியோர் இல்லங்களின் அடுப்படியிலிருந்து தொடங்கட்டும்.